செம்மண்டாம்பட்டியின் தகர டப்பாக்கள்

"மிஸ்டர் ஆத்மநாதன், செம்மண்டாம்பட்டியில மனுஷங்க புல்லு திங்கிறாங்களா?"

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார் டாக்டர் ரத்தினவேல். எதிரே ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன் கைகட்டி நின்றிருந்தார். மேலதிகாரி கேட்கும் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"கீரை நெறையச் சாப்பிடுவாங்க சார்."

"கீரை தின்னா சாணி வராதய்யா. பெட்டி பூராவும் மாட்டுச் சாணி. ஒரே ஒரு டப்பாவில மட்டும் ஆட்டுப் புழுக்கை. அந்த வீட்டில மாடு இல்லை போலிருக்கு."

குன்றாண்டார்கோவில் சத்திரத்து முன்கூடத்தில் அந்த வாரந்தான் ஆராய்ச்சி முகாம் திறந்திருந்தது. விஷயம், கொக்கிப் புழு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கிறவனின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், குடலில் கொக்கி மாட்டித் தொங்கிக்கொண்டு, ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சும் பிராணி. ஆள் வெளுத்துப்போவான். கால் வீங்கும். நாலடி நடந்தால் மூச்சு இரைக்கும். மண்ணை அள்ளித் தின்னத் தோன்றும். ஊர்க்காரர்கள் அவனைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்.

ஒரு கிராமத்தில் எத்தனை பேரிடம் இந்தப் புழு இருக்கிறது, புது மருந்து கொடுத்தால் எத்தனை பேரை விட்டுப் போகிறது என்று கண்டுபிடிப்பதற்காகச் சமஸ்தானம் டாக்டர் ரத்தினவேலை வெளியூரிலிருந்து வரவழைத்திருந்தது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொருவரும் காலையில் வழக்கமாக மண்ணுக்குக் கொடுப்பதில் ஒரு கொட்டைப்பாக்கு அளவு எடுத்துத் தங்கள் பெயர் ஒட்டிய தகர டப்பாவில் வைத்து மூடித் தர வேண்டும். உலகத்தில் இதைவிட எளிதான தானம் கிடையாது என்பது டாக்டரின் எண்ணம். தினமும் எப்படியும் வீணாகப் போவதுதானே!

"நாளைக்குள்ள ஒழுங்கான டப்பா வரணும். இல்லாட்டி வேற ஊரு பாத்துக்குவேன். வேற இன்ஸ்பெக்டரையும் பாத்துக்குவேன்" என்றார் டாக்டர்.

ஆத்மநாதனின் வேலை தற்காலிகம். தற்காலிகம் என்றால் ஆறு வருஷமாகத் தற்காலிகம். கல்யாணத்தின்போது, அடுத்த மாசம் நிரந்தரமாகிவிடும் என்று மாமனாரிடம் சொல்லியிருந்தார். அந்த அடுத்த மாசம் இன்னும் பிறக்கவில்லை. அன்னவாசலில் புகையிலைக் கடை வைத்திருந்த மாமனார் மட்டும், "அதுக்கென்ன மாப்பிள்ளை, நம்ம கடையில காம்பு கிள்ள ஆளு வேணும்" என்று தவறாமல் தீபாவளிக்குத் தீபாவளி ஆறுதல் சொல்வார். இந்த ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்தால் நிரந்தர உத்தரவு. முடியாவிட்டால் புகையிலைக் காம்பு.

சைக்கிளை எடுத்துக்கொண்டு செம்மண்டாம்பட்டிக்குப் பறந்தார் ஆத்மநாதன். பாதி வழிக்கு மேல் சைக்கிளைத்தான் அவர் சுமக்க வேண்டியிருந்தது. பாதை அப்படி.

ஊருக்குத் தலைவரான அம்பலம் ஆண்டிச்சாமி பூவரச மரத்தடியில் வண்டி அச்சுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஆறடி உயரம். அரிவாள் மீசை. காளையை வண்டியில் பூட்டாமல் இவரைப் பூட்டினாலும் வண்டி போகும்.

"அம்பலம், டப்பாவில மாட்டுச் சாணி வச்சு அனுப்பியிருக்கீங்க."

"ஏன், மாடு நல்ல மாடுதானுங்களே?"

"மனுஷருதுதாங்க வேணும்."

அம்பலம் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்ஸ்பெக்டரையா, நீங்க படிச்சவுக. சர்க்காரு எங்கிட்ட வண்டி கேட்டுச்சு, குடுத்தோம். அதிகாரி முகாமுக்கு வைக்கோலு கேட்டுச்சு, கோழி கேட்டுச்சு, குடுத்தோம். இப்ப இதைக் கேக்குதே! சர்க்காருக்கு அப்படி என்ன கொறை வந்துருச்சு?"

"பரிசோதனைக்குங்க. வயித்துல பூச்சி இருக்கான்னு பாக்க."

"காலடி மண்ணை எடுத்தே செய்வினை வச்சுப்புடுறான். நீங்க இதைப் பேரெழுதி டப்பாவில அடைச்சு ஊரு விட்டு ஊரு அனுப்பச் சொல்றீங்க. எந்தப் பய கையில போயிச் சேருமோ! எங்க வீட்டுப் பொம்பளை விடுவாளா?"

அந்தப் பொம்பளையே வீட்டுக்குள்ளிருந்து பதில் சொன்னாள். சொர்ணவல்லிக்கு எப்போதும் குரல் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவாள். "அந்த டப்பாவை இங்கிட்டுக் கொண்டாந்தா, அதாலேயே மண்டையைப் பொளந்துருவேன்!"

"யாரு மண்டையைங்க?" என்று ஆத்மநாதன் விசாரித்தார்.

"யாரு பக்கத்துல இருக்காகளோ அவுக மண்டையை."

அம்பலம் அச்சை விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

ஆத்மநாதன் வீடு வீடாகப் போனார். இலவச மருந்து என்றார். "நோயே இல்லாதவுகளுக்கு எதுக்கு மருந்து?" என்று கேட்டார்கள். நோய் இருக்கிறதா என்று பார்க்கத்தான் டப்பா என்றார். "மருந்தைக் குடுத்துப் பாருங்க, நோய் இருந்தாப் போயிரும், இல்லாட்டி மருந்து போயிரும்" என்றார்கள். இதில் என்ன தப்பு என்று அவருக்கே சட்டென்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில், டப்பா தராத வீட்டின் மேல் சர்க்கார் நடவடிக்கை எடுக்கும் என்று ஒரு பொய் சொன்னார். உடனே தெருவில் இருந்த கதவெல்லாம் சாத்திக்கொண்டன. அதுவரை வந்த பேச்சும் நின்றது.

திரும்பவும் பூவரச மரத்தடிக்கு வந்தார். இந்தத் தடவை சட்டம் பேசவில்லை. அச்சுப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்பலம், நாளைக்கு டப்பா போகலைன்னா என் வேலை போயிரும்."

அம்பலத்தின் கை நின்றது. "என்னது, வேலை போயிருமா?"

"போயிரும்."

"அட, இதை மொதல்லயே சொல்லப்படாதா? பூச்சி, மண்ணாங்கட்டின்னு இம்புட்டு நேரம் பேசிக்கிட்டு! ஒரு குடும்பத்துக் கஞ்சியில்ல இது!" அம்பலம் அவர் தோளில் எண்ணெய்க் கையாலேயே தட்டினார். "கெடக்கட்டும் விடுங்க. சர்க்காரு கேக்கிறதை ஊரு குடுக்கிறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. காலையில டப்பா வரும்."

"மனுஷருது?"

"மனுஷருதுதான்."

"எல்லா டப்பாவும்?"

"எல்லா டப்பாவும். போயித் தூங்குங்க."

எப்படி என்று ஆத்மநாதன் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதில் அவருக்கு ஆறு வருஷ அனுபவம்.

மறுநாள் டப்பாப் பெட்டியைச் சுமந்து வந்தவன் ஊர்த் தோட்டி இருளாண்டி. செம்மண்டாம்பட்டியில் ஊர்ப் பொது வேலை என்று எதைச் சொன்னாலும் அது இருளாண்டியின் வேலைதான். சாவுச் செய்தி சொல்லப் போவது, தண்டோராப் போடுவது, அதிகாரிகள் வந்தால் கூடாரக் கம்பு சுமப்பது, செத்த மாட்டை இழுப்பது எல்லாம். கண்மாய்க்கு அங்கிட்டு இருந்தது அவன் குடிசை. அங்கே இருந்த நாலைந்து குடிசைகளுக்கும் டப்பா போகவில்லை. டப்பாப் பற்றாக்குறை என்று ஆத்மநாதன் எழுதிவிட்டார். அங்கே போய்விட்டு வந்தால் ஊருக்குள் ஒரு வீட்டிலும் தனக்குக் குடிக்கத் தண்ணீர் தரமாட்டார்கள் என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடம் விட்டிருக்கவில்லை.

முகாம் திறக்க நேரமாகும் என்பதால் இருளாண்டி பெட்டியை ஆத்மநாதன் வீட்டு வாசலில் இறக்கினான். இறக்கிவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே குந்தினான். மார்பு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது.

உள்ளேயிருந்து ஆத்மநாதன் மனைவி பிரகதாம்பாள் வந்தாள். பேர் எழுதி ஒட்டிய பளபள டப்பாக்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "அப்பா ஏதும் அனுப்பியிருக்காகளா?" என்று ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"தொறக்காதே!" என்று ஆத்மநாதன் பூஜையறையிலிருந்து பாய்ந்து வருவதற்குள் அவள் திறந்துவிட்டாள்.

அப்புறம் அரைமணி நேரம் கிணற்றடியில் வாளிச் சத்தம் மட்டுமே கேட்டது. தலை துவட்டிக்கொண்டே அவள் வந்தாள்.

"என்னங்க, ஊருல எத்தனையோ உத்தியோகம் இருக்கே, இதுதான் ஒங்களுக்குக் கெடைச்சுதா?"

"ஆராய்ச்சிடி இது. மனுஷ குலத்துக்கே உபகாரம்."

"மனுஷ குலத்துக்கு உபகாரம் பண்றவுக அதை வேற வாசல்ல வச்சுப் பண்ணுங்க. எங்கப்பா கடை எம்புட்டோ மேல். புகையிலை நாத்தம் குளிச்சாப் போயிரும்." சொல்லிக்கொண்டே அவள் கண் வெளியே போயிற்று. "அது யாருங்க? அந்த ஆளு மொகம் ஏன் இப்படி மெழுகு மாதிரி இருக்கு? காலைப் பாருங்க, வீங்கிக் கெடக்கு."

"தோட்டி. வேலைன்னா சடைவான். நாலு மைல் சுமந்ததுக்கு நாப்பது மைல் சுமந்த மாதிரி மூச்சு வாங்குறான் பாரு."

பிரகதாம்பாள் உள்ளே போனாள். ஒரு சிரட்டையில் மோர் கொண்டு வந்து வாசற்படியில் வைத்தாள். இருளாண்டி அதைக் குடித்துவிட்டுச் சிரட்டையைக் கழுவி, வைத்த இடத்திலேயே கவிழ்த்துவிட்டு, இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து தெருவைத் தாண்டினான்.

அன்று மத்தியானம் சத்திரத்தில் டாக்டர் ரத்தினவேல் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். கையில் மூடி கழற்றிய டப்பா. அதைத் தாம்பாளத்தில் வைத்த கற்பூரம் மாதிரி ஏந்திக்கொண்டிருந்தார்.

"ஆத்மநாதன்! அபாரம்! எல்லா டப்பாவிலயும் புழு முட்டை. கொஞ்சநஞ்சம் இல்லை, அள்ளலாம். அம்பலத்துக்கு எவ்வளவோ அவ்வளவே பால்குடி மறக்காத குழந்தைக்கு. கெழவிக்கு எவ்வளவோ அவ்வளவே குமரிக்கு. ஒரு முட்டை கூடல, கொறையல. உலகத்துல எங்கேயும் இப்படிப் பாத்ததில்லை!"

"நல்லதுங்களா சார்?" என்று ஆத்மநாதன் ஜாக்கிரதையாகக் கேட்டார்.

"நல்லதா? இது கண்டுபிடிப்பு! ஏழை, பணக்காரன், ஆண், பெண், சின்னது, பெரிசு எதுவும் இந்தப் புழுவுக்குக் கிடையாது. சமத்துவப் புழு! மாநாட்டுல இதை வாசிச்சா அசந்து போயிருவாங்க."

செம்மண்டாம்பட்டியில் ஒரு சமத்துவம் இருப்பதாக அதுவரை யாருக்கும் தெரியாது. ஆத்மநாதனுக்கும் சந்தோஷந்தான். காம்பு கிள்ளும் கத்தி கண்ணிலிருந்து மறைந்தது.

அடுத்த வாரம் டாக்டர் மருந்துப் பெட்டியோடு வண்டி கட்டிக்கொண்டு ஊருக்கே போனார். இந்த அளவு புழுவைச் சுமக்கும் மனிதர்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அம்பலம் முன்னால் வந்து நின்றார். டாக்டர் அண்ணாந்து பார்த்தார். எட்டி அம்பலத்தின் கண்ணிமையைக் கீழே இழுத்தார். மிளகாய்ப் பழம் போலச் சிவந்திருந்தது.

"வெரி ஸ்ட்ரேஞ்ச்! வயிறு பூராவும் புழு. ஆனா ரத்தம் ஒரு சொட்டுக் கொறையலை. இந்த ஊர்க்காரங்களுக்கு ஏதோ விசேஷ எதிர்ப்புச் சக்தி இருக்கு. எழுதிக்குங்க."

ஆத்மநாதன் எழுதிக்கொண்டார்.

டாக்டரின் தலைக்கு மேலே குடை ஆடியது. வெயில் அவர் கண்ணில் விழுந்தது.

"யாருப்பா அது, நேராப் பிடி."

குடை பிடித்துக்கொண்டு நின்றவன் இருளாண்டி. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். உதடு, நகம், கண் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தன.

"மூச்சை ஏன் இப்படி விடறே? காதுக்குள்ள பஸ் போற மாதிரி இருக்கு. அங்கிட்டுத் திரும்பி விடு."

இருளாண்டி முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொண்டு மூச்சு விட்டான்.

மருந்து ஊற்றும் வேலை தொடங்கியது. அம்பலம் கையைக் கட்டிக்கொண்டார். "டாக்டரையா, நான் நல்லாத்தானே இருக்கேன். ஒரு மூட்டை நெல்லை ஒத்தையாளாத் தூக்கிப் போடுறேன். எனக்கு எதுக்குங்க?"

"ஒங்க டப்பா அப்படிச் சொல்லலையே."

அம்பலம் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தது. குடையையும் அதைப் பிடித்திருந்தவனையும் ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தபோது உள்ளே மருந்து போயிற்று.

அடுத்து சொர்ணவல்லி. "எனக்கு எதுக்கு ஊத்துறீக? நான் என்ன--"

"குடி" என்றார் அம்பலம் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இல்லை, நான் கேக்கிறேன்--"

"குடிச்சுட்டுக் கேளு!"

மருந்துக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு குவளை பேதி உப்பு. அன்றைக்குச் செம்மண்டாம்பட்டியில் உழவு நடக்கவில்லை, களையெடுப்பு நடக்கவில்லை, அடுப்பு எரியவில்லை. ஒரே வேலைதான் நடந்தது. கண்மாய்க் கரையில் புதர் கிடைக்காமல் சண்டை வந்தது. வரப்புத் தகராறில் பல வருஷமாகப் பேசாதிருந்த பங்காளிகள், பக்கத்துப் பக்கத்துப் புதரில் இருந்தபடியே பேச ஆரம்பித்தார்கள். மருந்தினால் அந்த ஊருக்கு விளைந்த நன்மை என்று சொன்னால் அது ஒன்றுதான்.

டாக்டர் வண்டியில் ஏறிய பிறகு, சாமானைக் கட்டிக்கொண்டிருந்த ஆத்மநாதனின் பின்னால் ஒரு இரைப்புக் கேட்டது.

"சாமி, எனக்கும் ஒரு முடக்கு ஊத்துங்க. நடந்தாக் கண்ணு இருட்டுது. கஞ்சி எறங்கலை, மண்ணுதான் எறங்குது."

ஆத்மநாதன் பெட்டியைத் திறந்து பார்த்தார். சீசாவில் மருந்து மிச்சம் இருந்தது. வண்டியை நோக்கி, "சார், இவன் கேக்கிறான்" என்றார்.

"லிஸ்ட்டுல பேரு இருக்கா?"

"இல்லைங்க. டப்பா இல்லை."

"டப்பா இல்லாதவனுக்கு மருந்து குடுத்தா ஆராய்ச்சிக் கணக்கு என்னத்துக்கு ஆகும்? என்னய்யா ஆத்மநாதன், நீங்க நிரந்தரமாகணும்னு நெனைக்கிறீங்களா இல்லையா?"

ஆத்மநாதன் சீசாவை மூடினார். "அடுத்த தடவை பாப்போம், போடா" என்றார். அவருக்குத் தெரிந்த வரையில் அது அன்பாகச் சொன்னதுதான்.

இரண்டாவது தடவை டப்பாக்கள் வந்தன. டாக்டர் பார்த்தார். மைக்ராஸ்கோப்பைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஒரு முட்டைகூடக் குறையவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் ஏறியிருந்தது.

"ஆத்மநாதன், அவங்க மருந்தைத் துப்பிட்டாங்க."

"எல்லாரும் முழுங்கினதை நான் பாத்தேனே சார். கண்மாய்க் கரையிலேயே தெரிஞ்சுதே."

"அப்படீன்னா நீங்க தண்ணி கலந்துட்டீங்க."

"ஐயையோ!"

"அப்படி இல்லேன்னா மருந்தே வேலை செய்யலைன்னு ஆகும். மருந்து வேலை செய்யலைன்னு நான் போயி மாநாட்டுல வாசிக்க முடியுமா? ஒங்க நிரந்தர உத்தரவுல கையெழுத்துத்தான் போட முடியுமா?" டாக்டர் மருந்துச் சீசாவை எடுத்து ஆட்டிப் பார்த்தார். "அளவு போதலை. ரெண்டு பங்கு குடுங்க. வாயைத் தொறந்து காட்டச் சொல்லுங்க. நாக்கைத் தூக்கிப் பாருங்க."

ரெண்டு பங்கு ஊற்றினார்கள். சொர்ணவல்லி மயங்கி விழுந்தாள். மயக்கம் தெளிந்ததும் எழுந்து நின்று ஆத்மநாதனை, அவர் பிறந்த நட்சத்திரத்திலிருந்து தொடங்கி, வரிசைக் கிரமமாகத் திட்டினாள். நாலு பேருக்குத் தலை சுற்றியது. காளை மாதிரி இருந்த அம்பலம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து டாக்டரின் வண்டிச் சட்டத்தைப் பற்றினார்.

"டாக்டரையா, குலசாமி மேல ஆணை, எங்க ஊருல ஒருத்தருக்கும் பூச்சி இல்லைங்க. விட்டுருங்க. தாங்காது."

டாக்டர் சிரித்தார். "அம்பலம், மனுஷன் பொய் சொல்லுவான். டப்பா பொய் சொல்லாது."

அம்பலம் கையை எடுத்துக்கொண்டார்.

அன்று குடை பிடிக்க இருளாண்டி வரவில்லை. ஆத்மநாதனே பிடித்தார். கை வலித்தது. எங்கே அந்தச் சோம்பேறி என்று ஒரு கணம் எரிச்சலாகக்கூட வந்தது. வீட்டில் பிரகதாம்பாள் கேட்டாள்.

"அந்த ஆளுக்கு மருந்து குடுத்தீகளா?"

"எந்த ஆளு?"

"மோரு குடிச்சாரே, அந்த ஆளு."

"அவன் பேரே இல்லையேடி."

"பேரில்லாமயா இத்தனை வருஷம் கூப்பிட்டாக?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆத்மநாதன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் சமஸ்தானத்தில் யாரும் பதில் தயாரித்து வைத்திருக்கவில்லை.

அடுத்த மாசம் மூன்றாவது தடவையாக டப்பாப் பெட்டி வந்தது. சுமந்து வந்தவன் புது ஆள். இருபது வயசிருக்கும். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமாக வந்து, இறக்கிவிட்டு, வேர்வைகூடத் துடைக்காமல் திரும்பி ஓடினான்.

"இன்னைக்கு வேற ஆளு" என்றாள் பிரகதாம்பாள்.

"நல்லதாப் போச்சு. இவன் மூச்சு விடுறதே கேக்கலை" என்றார் ஆத்மநாதன்.

சத்திரத்தில் டாக்டர் முதல் டப்பாவைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். அதற்கடுத்தது. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிற்று. ஆத்மநாதன் வாசல் தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார். மனசுக்குள் புகையிலை வாடை அடித்தது.

கடைசி டப்பாவை மூடிவிட்டு டாக்டர் திரும்பினார். அவர் கண்ணில் தண்ணீர்.

"ஒண்ணுகூட இல்லை, ஆத்மநாதன்."

"எது சார்?"

"புழு! ஒரு டப்பாவிலயும் ஒரு முட்டைகூட இல்லை! அம்பலம் சுத்தம், அம்பலம் பெண்சாதி சுத்தம், கொழந்தை குட்டி எல்லாம் சுத்தம். ரெட்டைப் பங்கு மருந்து! நூத்துக்கு நூறு குணம்! இப்படி ஒரு முடிவு இதுவரைக்கும் யாருக்கும் கெடைச்சதில்லை!" டாக்டர் ஆத்மநாதனைக் கட்டிக்கொண்டார். அந்த நிலையிலேயே நிரந்தர உத்தரவு பற்றியும் வாக்குக் கொடுத்தார்.

உத்தரவு பதினைந்து நாளில் வந்தது. மாமனாருக்குத் தந்தி போயிற்று. 'காம்பு கிள்ள வேறு ஆள் பார்க்கவும்' என்று அதில் ஒரு வரி சேர்க்க ஆத்மநாதனுக்கு ஆசை. தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு என்பதால் விட்டுவிட்டார்.

செம்மண்டாம்பட்டியில் விழா எடுத்தார்கள். அதாவது டாக்டர் எடுத்தார், ஊர் உட்கார்ந்திருந்தது. பூவரச மரத்தடியில் பந்தல். வாழைமரம். டாக்டர் பேசினார்.

"இந்த ஊரில் வீட்டுக்கு வீடு நோய் இருந்தது. விஞ்ஞானம் வந்தது. இன்றைக்கு ஒரு நோயாளிகூட இல்லை!"

கைதட்டினார்கள். அம்பலத்துக்கு மாலை போட்டார்கள். மாலைக்குக் கழுத்தை நீட்டிய அம்பலம், போட்ட பிறகு தலையை நிமிர்த்தவில்லை. வெட்கம் போலிருக்கிறது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். இரண்டு பங்கு மருந்தின் பலவீனம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று ஆத்மநாதன் நினைத்துக்கொண்டார். சொர்ணவல்லி என்ன நினைத்தாளோ, அன்றைக்கு அவள் குரல் வெளியே வரவே இல்லை.

கூட்டம் கலைந்தது. டாக்டர் இளநீர் குடிக்கப் போனார். பந்தலுக்கு வெளியே, உதிர்ந்து கிடந்த பூவையும் வாழையிலையையும் ஒரு பெண் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். இருளாண்டியின் மனைவி மூக்காயி.

ஆத்மநாதனின் கை பையைத் தொட்டது. உள்ளே ஒரு சீசா இருந்தது. தற்காலிக இன்ஸ்பெக்டருக்கு இரக்கம் கட்டுப்படியாகாது. நிரந்தர இன்ஸ்பெக்டருக்கு ஒரு சீசா அளவுக்குக் கட்டுப்படியாகும். டாக்டருக்குத் தெரியாமல் காலையில் அவரே எடுத்து வைத்துக்கொண்டது. வரும்போது பிரகதாம்பாளிடம் காட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்.

"இந்தா மூக்காயி, இங்கிட்டு வா. எங்கே ஒன் வீட்டுக்காரன், ஆளையே காணோம்? அன்னைக்கு மருந்து வேணும்னு கேட்டான்ல, கொண்டாந்திருக்கேன். கணக்கெல்லாம் முடிஞ்சுபோச்சு, இனிமே யாரும் கேக்கமாட்டாங்க. இதே மருந்துதான், ஊரையே குணமாக்கினது. வந்து வாங்கிக்கச் சொல்லு."

மூக்காயி விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். சீசாவைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளக் கையை நீட்டவில்லை.

"என்ன பாக்கிறே? பயப்படாதே, காசில்லை. சும்மாத்தான்."

"அவரு செத்துப்போயி மாசமாச்சுங்க சாமி. மொதல் ரெண்டு தடவையும் ஊரு டப்பாவெல்லாம் ரொப்பிக் குடுத்தவரு அவருதான். இந்தத் தடவ ரொப்புனது எந்தம்பி மூக்கன், அவனுக்கு நல்ல ஒடம்பு, மருந்தெல்லாம் வேண்டாமுங்க."